அத்தியாயம் 6: மாற்றாள் வரும் நேரம்

பக்கவாதத்தில் விழுந்த மாமியாரைப் பல வருடமாகப் பார்த்துவரும் மருமகளிடம் "உங்களுக்கு ஓய்வு எப்போது?" என்று கேட்டால், "அத்தை தூங்கறப்போ" என்பார். அந்த நேரத்தில்தான் அவர் பாத்திரம் கழுவுவார், மூத்திரத் துணியை அலசிப் போடுவார், ரேஷன் கடைக்கு ஓடிப்போய் வருவார். காது மட்டும் வீட்டுக்குள்ளேயே இருக்கும். உள்ளிருந்து ஒரு முனகல் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார்.

அதை ஓய்வு என்று கணக்கில் சேர்க்காதீர்கள். வாரத்தில் குறித்த ஒரு நாளில், குறித்த சில மணி நேரம், முழுப் பொறுப்பும் வேறொருவர் கைக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் நோயாளியின் குரல் எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் ஓய்வு. இதற்காக நோயாளியை வேறு ஊருக்கோ இல்லத்துக்கோ கொண்டுபோக வேண்டியதில்லை. அவர் தன் கட்டிலிலேயே இருக்கட்டும். ஆள் மட்டும் மாறட்டும்.

இந்த யோசனை பெரிய மருத்துவமனைகளில் பிறந்ததல்ல. இங்கிலாந்தில் ஒரு தொலைக்காட்சித் தொடரில் விபத்தில் முடமான இளைஞன் ஒருவனின் கதை வந்தது. அதே நிலையில் தாயுடன் வாழ்ந்த ஒருவர், உண்மையான வீட்டு நிலைமை இப்படி இல்லை என்று தயாரிப்பாளர்களிடம் எடுத்துச் சொன்னார். அந்தத் தொலைக்காட்சி நிறுவனம் கொடுத்த பணத்தில் 1974-ல் ரக்பி என்ற ஊரில் ஒரு சிறு திட்டம் தொடங்கியது. பயிற்சி பெற்ற ஓர் ஆள், குடும்பம் கேட்கும் நேரத்தில் வீட்டுக்கு வந்து, தாய் செய்வதை எல்லாம் செய்துவிட்டுப் போவார். பக்கத்தில் கேரளத்தில் 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலித்தணிப்புப் பணி, பிறகு மலப்புரம் போன்ற மாவட்டங்களில் அக்கம்பக்கத்தாரையே பயிற்றுவித்துப் படுத்த படுக்கையானவர்களின் வீடுகளுக்கு அனுப்பியது. இந்த இரண்டு இடங்களிலும் வேலை செய்தது ஒரே விஷயம்தான்: வேலை தெரிந்த இரண்டாவது ஒரு மனிதர்.

நம் கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையிலும் அந்த இரண்டாவது மனிதரை, அதாவது மாற்றாளை, நாமேதான் உருவாக்கிக்கொள்ள வேண்டும். எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

இங்கே யார் இருக்கிறார்கள்

அரசின் பக்கம் முதலில் பாருங்கள். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறைப் பயிற்சியும், படுத்த படுக்கையானவர்களுக்கு நோய்த்தணிப்புச் செவிலியரின் கவனிப்பும் அதிலேயே அடக்கம். கிராமத்தில் உங்கள் கதவைத் தட்டுபவர் பெரும்பாலும் மகளிர் குழுவிலிருந்து வந்த பெண் சுகாதாரத் தன்னார்வலர். மலைக் கிராமங்களில் ஆஷா பணியாளரும் இருப்பார். உங்கள் வீட்டு நோயாளியின் பெயர் இந்தப் பட்டியலில் இல்லையென்றால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் இந்த வாரமே சேர்த்துவிடுங்கள்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது மருத்துவத் திட்டம், ஓய்வுத் திட்டம் அன்று. செவிலியர் வருவார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார், அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அவர் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் நீங்கள் தூங்க முடியாது. ஆனாலும் அந்த நேரம் பொன்னானது, ஏனென்றால் மாற்றாளுக்குப் பயிற்சி கொடுக்கக்கூடியவர் அவர்தான். செவிலியர் வரும் நாளில் உங்கள் நாத்தனாரையோ பக்கத்து வீட்டு அக்காவையோ வரச் சொல்லுங்கள். "சிஸ்டர், நான் இல்லாத நேரம் இவங்கதான் பார்ப்பாங்க, திருப்பிப் படுக்க வைக்கிறதை இவங்களுக்கும் ஒரு தரம் காட்டிக் கொடுங்க" என்று கேளுங்கள். எந்தச் செவிலியரும் மறுக்க மாட்டார். இப்படி ஒரு ஆள் இருப்பது அவருக்கும் உதவிதான்.

மலையில் நிலைமை வேறு. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு போன்ற பெரிய ஊர்களில் பஸ் நிற்கும், கடை இருக்கும். உள்ளே தள்ளிப் போகப் போக வீடுகள் சிதறிக் கிடக்கும். வயது வந்த ஆணும் பெண்ணும் வெளியூர் வேலைக்குக் கிளம்பிவிட்டால், முடியாத பெரியவரைப் பார்ப்பது இன்னொரு முடியாத பெரியவர். இங்கே மாற்றாளை உறவுமுறையில் மட்டும் தேடினால் கிடைக்காது. மகளிர் குழுவில் பேசுங்கள். நான்கைந்து வீடுகள் சேர்ந்து முறை வைத்துக்கொள்வதுதான் மலையில் நடக்கக்கூடிய வழி. விதைப்பிலும் சாமை அறுப்பிலும் ஒருவர் காட்டில் இன்னொருவர் கை கொடுக்கிற இடத்தில், முறை வைத்து நோயாளிக்குத் துணை இருப்பதையும் பேசி முடிவு செய்யலாம். வெளியூர்ப் பயணம் தொடங்கும் மாதத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். கீழே சமவெளியிலும் கரும்பு வெட்டுக் காலத்தில் இதே ஆள் பஞ்சம் வரும்.

திடீரென்று இந்தப் பொறுப்புக்குள் தள்ளப்பட்ட வீடுகளும் இங்கே உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து அறுபத்தைந்து பேருக்கு மேல் இறந்தார்கள். மெத்தனால் பார்வை நரம்பையும் மூளையையும் தாக்கும் விஷம். உயிர் தப்பினாலும் பார்வை போகலாம். அப்படி ஒரு வீட்டில் மனைவிதான் இனிச் சம்பாதிக்கவும் வேண்டும், கணவனைக் கைப்பிடித்து நடத்தவும் வேண்டும். பல வருடமாகப் பழகிய குடும்பங்களைவிட இவர்களுக்குத்தான் மாற்றாள் சீக்கிரம் தேவை. அக்கம்பக்கத்தில் இப்படி ஒரு வீடு இருந்தால், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

கேட்பது எப்படி

"எப்போ வேணும்னாலும் கூப்பிடு" என்று எல்லோரும் சொல்வார்கள். கூப்பிட்டால் வருவார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் நீங்கள் கூப்பிட மாட்டீர்கள். அதனால் பொதுவாகக் கேட்காமல் நாளும் மணியும் வேலையும் சொல்லிக் கேளுங்கள்:

"அண்ணி, வர்ற செவ்வாக்கிழமை காலைல பத்து மணிக்கு வந்து மத்தியானம் ஒரு மணி வரைக்கும் அம்மாகிட்ட இருங்க. கஞ்சி காய்ச்சி வெச்சிட்டுப் போறேன். பதினோரு மணிக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைக்கணும், அவ்வளவுதான். துணி மாத்தறதை நான் வந்து பாத்துக்கறேன்."

தொடக்கத்தில் துணி மாற்றும் வேலையைக் கொடுக்காதது கூச்சத்தை உடைக்க உதவும். அண்ணிக்கு மட்டும் கூச்சம் என்று நினைக்காதீர்கள், அம்மாவுக்கும் கூச்சம். அவரிடம் முன்பே சொல்லி, யார் வந்தால் பரவாயில்லை என்று கேளுங்கள். பேச்சு போய்விட்டவரிடமும் கேளுங்கள். கண்ணும் கையும் பதில் சொல்லும். தன் உடம்பை யார் தொடுகிறார் என்பதில் அவருக்குச் சொல் இருக்க வேண்டும்.

அண்ணன் தம்பிகளிடம் வேறு மாதிரிக் கேட்க வேண்டியிருக்கும். "நான் இங்க வந்து என்ன பண்றது, எனக்கு அதெல்லாம் தெரியாது" என்ற பதில் பல வீடுகளில் கேட்பதுதான். தூக்கி உட்கார வைப்பது, ஷேவ் செய்துவிடுவது, தலையணை முட்டுக் கொடுத்துக் கஞ்சி ஊட்டுவது, ராத்திரி ஒரு முறை எழுந்து பார்ப்பது எல்லாம் ஆண்களால் முடியும். தூக்குவதற்குப் பெண்களைவிட அவர்களுக்குத் தெம்பும் அதிகம். திருப்பூரிலோ பெங்களூரிலோ இருக்கும் மகன் பணம் அனுப்புவதோடு நின்றுவிடாமல், ஊருக்கு வரும் இரண்டு நாளும் முழுப் பொறுப்பை எடுத்துக்கொள்ளட்டும். விருந்தாளியாக வந்து உட்கார்ந்துவிட்டுப் போனால், அந்த இரண்டு நாளும் உங்களுக்குக் கூடுதல் சமையல் என்றுதான் ஆகும்.

யாரை வைக்கக் கூடாது

இதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். குடிப்பழக்கம் உள்ளவரை, எவ்வளவு நெருங்கிய உறவானாலும், தனியாக விட்டுப் போகாதீர்கள். மாத்திரை நேரம் தவறும், ஊட்டும்போது அவசரப்படுவார், ஆபத்து வந்தால் அவரால் ஓட முடியாது.

மனவளர்ச்சி குன்றிய பெண் குழந்தையோ இளம்பெண்ணோ இருக்கும் வீட்டில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். தனக்கு நடந்ததைச் சொல்லத் தெரியாதவர்கள் என்பதாலேயே அவர்களைக் குறிவைப்பவர்கள் இருக்கிறார்கள். பல சமயம் வீட்டுக்குப் பழக்கமானவர்களே. மாற்றாள் பெண்ணாக இருக்கட்டும், முடிந்தால் இருவராக இருக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும். நீங்கள் திரும்பி வந்ததும் பிள்ளையின் முகத்தையும் உடம்பையும் பாருங்கள். ஒருவரைக் கண்டாலே ஒடுங்கினால் அதை அடம் என்று தள்ளிவிடாதீர்கள். ஆண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். சந்தேகம் வந்தால் கூப்பிடுங்கள்: குழந்தை என்றால் 1098, பெண் என்றால் 181. எந்த உறவையும் காப்பாற்றுவதற்காக இந்த எண்களைக் கூப்பிடாமல் இருந்துவிடாதீர்கள்.

பத்து வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் பாட்டிக்குத் துணை வைப்பதும் மாற்றாள் ஏற்பாடு ஆகாது. கொஞ்ச நேரம் பேச்சுத்துணைக்கு இருக்கலாம், அவ்வளவே.

சுவரில் ஒட்டும் தாள்

உங்கள் தலைக்குள் இருப்பதை ஒரு தாளில் இறக்கி வைத்தால்தான் பொறுப்பு கைமாறும். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். கட்டிலுக்கு அருகே சுவரில் ஒட்டுங்கள். மாற்றாளுக்கும் படிக்கத் தெரியாதென்றால், சூரியனும் நிலாவும் வரைந்த இரண்டு டப்பாக்களில் காலை மாத்திரை, இரவு மாத்திரை என்று தனித்தனியாகப் போட்டு வையுங்கள்.

முதலில் சாப்பாடு. பக்கவாதம் வந்தவருக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கலாம். படுத்த நிலையில் எதையும் ஊட்டக் கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு கரண்டியால், ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய். இருமினாலோ குரல் கரகரத்தாலோ நிறுத்திவிட வேண்டும். சாப்பிட்ட பின் அரை மணி நேரமாவது உட்கார்ந்தே இருக்கட்டும். தண்ணீர்போல் ஓடும் நீராகாரத்தைவிடக் கெட்டியான கூழ் பலருக்குப் பாதுகாப்பாக இறங்கும். உங்கள் வீட்டு நோயாளிக்கு எது சரி என்பதைச் செவிலியரிடம் கேட்டு எழுதுங்கள். மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தால், அது எங்கே வரை இருக்க வேண்டும் என்று மூக்கருகே குழாயில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். கோடு நகர்ந்திருந்தால் மாற்றாள் அதில் எதையும் ஊற்றக் கூடாது.

இரண்டாவது, படுக்கைப் புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்: இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம். எந்த மணிக்கு எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். இழுத்துப் புரட்டினால் தோல் உரியும். இடுப்புக்கு அடியில் மடித்த போர்வை ஒன்றை எப்போதும் விரித்து வைத்து, அதைப் பிடித்துப் புரட்டக் காட்டிக் கொடுங்கள். காற்றுப் படுக்கை இருந்தாலும் புரட்டுவதை விடக் கூடாது. மூத்திரக் குழாய் இருந்தால் பை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே தொங்க வேண்டும். புரட்டும்போது அதைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லுங்கள்.

மலையில் ஒன்றைக் கூடுதலாக எழுதுங்கள். மார்கழி, தை மாதங்களில் குளிர் நடுக்கும். நோயாளிக்குக் குளிருமே என்று அக்கறையோடு நெருப்புச் சட்டியைக் காலருகே நகர்த்தி வைப்பார்கள். உணர்ச்சி போன காலுக்கும் சர்க்கரை நோயில் மரத்த காலுக்கும் சூடு தெரியாது. வெந்த பிறகுதான் பார்ப்பீர்கள். வெந்நீர் ஒத்தடமும் அப்படியே. கம்பளி போதும்.

கடைசியாக ஆபத்து. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, சுற்றிலும் உள்ளதை அப்புறப்படுத்த வேண்டும். கையில் சாவியோ இரும்போ கொடுக்க வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். சர்க்கரை நோயாளி திடீரென வியர்த்து, நடுங்கி, பிதற்றினால், நினைவு இருக்கும்வரை சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். நினைவு போய்விட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108. மலையில் ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகலாம், சில இடங்களில் சிக்னலும் கிடைக்காது. எந்த மேட்டில் ஏறினால் போன் பேசலாம், ஊரில் யாரிடம் வண்டி இருக்கிறது, அவர் எண் என்ன என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

முதல் நாள்

முதல் தடவை நீங்கள் வீட்டிலேயே இருங்கள், ஆனால் கையைக் கட்டிக்கொண்டு. மாற்றாள் செய்யட்டும், நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள். அவர் உங்களைப்போல் செய்ய மாட்டார். தலையணையைக் கோணலாக வைப்பார், கஞ்சியில் உப்பு கூடியிருக்கும். பாதுகாப்புக்குக் குறைவு இல்லையென்றால் திருத்தாதீர்கள். இரண்டாவது தடவை ஒரு மணி நேரம் வெளியே போய் வாருங்கள். மூன்றாவது தடவை அரை நாள்.

நோயாளி அழுவார், கோபப்படுவார், சாப்பிட மாட்டேன் என்று வாயை மூடிக்கொள்வார். மறதி நோய் உள்ளவர் "அவ எங்க, அவ எங்க" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். வாசலைத் தாண்டிப் போகவும் பார்ப்பார், அதனால் கதவின் மேல் தாழ்ப்பாளைக் காட்டிக் கொடுங்கள். ஒரு வேளை கஞ்சி குடிக்காததால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் சாப்பிடாவிட்டால் என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்பே கேட்டுத் தாளில் எழுதுங்கள். ஒரே ஆள், ஒரே கிழமை, ஒரே நேரம் என்று மாறாமல் வந்தால் பெரும்பாலானவர்கள் பழகிவிடுவார்கள். நீங்கள் நடு நேரத்தில் மனம் கேட்காமல் ஓடி வந்துவிட்டால், அழுதால் அவள் வருவாள் என்பதைத்தான் கற்றுக்கொள்வார்கள்.

ஊர் பேசும். "பெத்தவளை அடுத்தவங்ககிட்ட விட்டுட்டுத் தியேட்டருக்குப் போறா" என்று பேசும். அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். பேசுபவரையே அடுத்த வாரம் இரண்டு மணி நேரம் வந்து இருக்கச் சொல்லிக் கேளுங்கள். சிலர் உண்மையிலேயே வருவார்கள்.

அந்த நேரத்தில் என்ன செய்வது

முதல் சில வாரம் தூங்குங்கள். வேறு வீட்டில், நோயாளியின் சத்தம் கேட்காத இடத்தில். தூக்கக் கடன் தீராமல் கோயிலும் சினிமாவும் சுகம் தராது. சந்தைக்கும் மில்லுக்கும் போகும் வேலைகளை இந்த நேரத்தில் அடைத்துவிடாதீர்கள்.

அதன்பிறகு ஒரு நாளை உங்கள் உடம்புக்கு ஒதுக்குங்கள். நோயாளியின் பிரஷரை வாரம்தோறும் பார்க்கும் பெண், தன் பிரஷரைப் பார்த்து வருடக் கணக்காகியிருக்கும். முதுகு வலி பற்றிச் சொல்லுங்கள். கனமானவரைத் தினமும் தூக்கும் பெண்களுக்குக் கருப்பை இறக்கம் இருந்தால் அது மோசமாகும். கீழே ஏதோ இறங்கினாற்போல் இருப்பதை வெட்கப்பட்டு மறைத்துக்கொண்டே தூக்கிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண் மருத்துவரிடமோ செவிலியரிடமோ சொல்லுங்கள். மேல் சிகிச்சைக்குக் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அதுவரை தனியாகத் தூக்காதீர்கள். இரண்டு பேர், அடியில் போர்வை.

நோயாளி மீது கை ஓங்கத் தோன்றுகிறதா, இவர் போய்ச் சேர்ந்தால் தேவலை என்று தோன்றுகிறதா? இந்த நினைப்பு வருவதால் நீங்கள் கெட்டவர் ஆகிவிடவில்லை. இது களைப்பு எல்லை கடந்ததன் அடையாளம். அன்றே மாற்றாளைக் கூப்பிடுங்கள். செத்துவிடலாம் என்று தோன்றினால் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

பணமும் மனுவும்

மாற்றாளாக வருபவர் கூலியை விட்டுவிட்டு வருகிறார் என்றால் கூலி கொடுங்கள். உறவென்று தயங்க வேண்டாம். வெளியூரில் இருக்கும் உடன்பிறந்தவர்கள் பங்கு போட்டுக்கொள்ளட்டும். கொடுக்க முடியாத வீடுகள் முறை மாற்றிக்கொள்ளலாம்: நீங்கள் அவர் பிள்ளையைப் பார்க்கும் நேரம், அவர் உங்கள் மாமனாரைப் பார்க்கும் நேரம்.

கடுமையான ஊனம், மனவளர்ச்சிக் குறைபாடு, தசைச்சிதைவு போன்றவை உள்ளவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மனவளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கு 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. அதையும் கேளுங்கள்.

பார்த்துக்கொள்பவருக்கென்றே பணம் கேட்பது பிச்சை அல்ல. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 24-ஆவது பிரிவில், அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி தரும் திட்டங்களை மாநில அரசுகள் வகுக்க வேண்டும் என்கிறது. கேரளம் 'ஆஸ்வாசகிரணம்' என்ற பெயரில் படுத்த படுக்கையானவர்களைப் பார்ப்பவருக்கே மாதம் 600 ரூபாய் என்று வைத்தது. சிறு தொகைதான், ஆனால் அந்த வேலையை வேலை என்று ஒரு அரசு ஏற்றுக்கொண்டது. கருணாபுரம் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலைமையைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. மலையின் குறைகளைக் கேட்க இப்போது காதுகள் திறந்திருக்கின்றன. கேட்க வேண்டிய நேரம் இது.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்துக்கு ஒரு வீடாகப் போகாதீர்கள். ஒரே ஊராட்சியில் இப்படி உள்ள ஐந்தாறு வீடுகள் சேர்ந்து ஒரே மனுவாக எழுதுங்கள். நோயாளிகளின் பெயர், வயது, அடையாள அட்டை எண், யார் பார்த்துக்கொள்கிறார், எத்தனை வருடமாக என்பதை வரிசையாக எழுதுங்கள். கேட்பது இரண்டு: பார்த்துக்கொள்பவருக்கு உதவித்தொகை, மகளிர் குழுவிலிருந்து இரண்டு பேருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாற்றாள் பயிற்சி. முதல் கோரிக்கை அரசாணைகளுக்காகக் காத்திருக்கலாம், ஆனால் இரண்டாவதை உங்கள் வட்டார மருத்துவ அலுவலர் மனது வைத்தால் அடுத்த மாதமே செய்யலாம், அதனால் அவருக்கும் ஒரு நகல் கொடுங்கள். மனு எண் போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வெளியே வராதீர்கள். போகும் அந்தத் திங்கட்கிழமை நோயாளிகளோடு யார் இருப்பது என்பதையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.